பதினோரு எழுத்துக்காரரின் சட்டை

ஏப்ரல் கடைசியில், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஆலன் ஊரில் மழைக்கு முன்னால் ஒரு வெளிச்சம் வரும். வானம் ஒரு பக்கம் கறுத்திருக்கும். இன்னொரு பக்கத்திலிருந்து வெயில் சாய்ந்து விழுந்து, ஃப்ரீவே ஓரத்துப் புல்லெல்லாம் உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோல் இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் என் விரல்நுனியில் லேசாகச் சூடு தெரியும். வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியும் இல்லை, மெஷினும் இல்லை. ஆனாலும் தெரிகிறது.

இந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் இருக்கும் பாலு வீட்டில், அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டை டிவியில் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாலுவின் ஆபீஸ் பையன்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சமோசா, பீட்சா, பெரிய டிவி. நம் அணி யாரை எடுக்கப் போகிறது என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பையன் என் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், நீங்கதான் ஜெர்சியில பேர் தைக்கற கடையில இருந்தவராமே? நம்ம டீம் எடுத்ததுலயே பெஸ்ட் பிக் யாரு, சொல்லுங்க."

"வொர்ஸ்ட் யாருன்னு கேளுடா. அதுக்குத்தான் நிறையப் பேர் இருக்காங்க" என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தால் எனக்கு நாக்கு எழாது. சட்னி எடுக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். "அங்கிள் பேச மாட்டாரு, அவரு மெஷின்தான் பேசும்" என்று பாலு சொன்னது சமையலறை வரை கேட்டது.

வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அணியின் பெயரைச் சொல்லவில்லை. ரசிகனுக்கு அவன் அணி 'நம்ம டீம்'தான், அது போதும். ஆட்டக்காரர்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எங்கள் கடையில் நாங்கள் அவர்களைப் பெயரால் நினைவில் வைத்ததே இல்லை. எழுத்து எண்ணிக்கைதான். மூன்றெழுத்துக்காரர், ஒன்பது எழுத்துக்காரர், நடுவில் கோடு போட்டு இரண்டு பெயர் வைத்திருந்தவர் என்றுதான் சொல்வோம்.

எனக்குச் சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் மெஷின் ஓட்டினேன். அத்தை மகள் மலர்விழி நர்ஸ் படித்து அமெரிக்கா போகப் போகிறாள் என்று தெரிந்ததும், இனி இந்தச் சம்பந்தம் இல்லை என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மலர்தான் என் அம்மாவிடம் வந்து, "நான் வேற யாரையுங் கேக்கலீங்க அத்தை" என்றாள். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நின்று, யார் பக்கமும் சேராமல் மிச்சமாகும் பையன் நான். என்னை ஒருத்தர் முதலில் கேட்டு எடுத்தது அதுதான். டிராஃப்ட் என்ற விஷயம் எனக்கு இத்தனை பிடித்துப்போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆலனுக்கு வந்து சில வருடங்கள் வீட்டில் இருந்தேன். மகள் நிலாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடப்பேன். ஒரு டோனட் கடைக்குப் பக்கத்தில், திறந்திருந்த ஒரு பின்கதவு வழியாகத் தையல் மெஷின் சத்தம் வந்தது. தினமும் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். ஒருநாள் கழுத்தில் கத்தரிக்கோலைத் தொங்கவிட்ட ஒரு பெண்மணி வெளியே வந்து, "உள்ளே வர்றதுன்னா வா, இல்லைன்னா போ. வெளிச்சத்தை மறைக்காதே" என்றார். குழந்தையோடு உள்ளே போனேன். அந்தக் கடையில்தான் நான் வேலையிலிருந்து நிற்கும்வரை இருந்தேன்.

அவர் கார்மென். சான் அன்டோனியோவிலிருந்து வந்தவர். கடை அவருடையது இல்லை, ஆனால் கடையில் அவர் சொல்தான் நடக்கும். அங்கே எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. மேடம் என்றேன். முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார். என் அப்பா பெயர் சின்னசாமி. இந்த நாட்டில் அதுதான் என் கடைசிப் பெயர். அதில் பாதியை வெட்டி, சாமி என்று என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, துணியைப் பாரு, என் முகத்தைப் பார்க்காதே. தப்பு துணியிலதான் இருக்கும்."

அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒரு சட்டையை எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஹேங்கரில் மாட்டிவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்தால் அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே இருப்பார். சுற்றி முடிந்த பிறகுதான் பேசுவார். அதற்குள் பாதிக் கோபம் போயிருக்கும்.

பெயர் தைப்பது எப்படி என்று அவர் எனக்குக் காட்டியதை இங்கே சொல்ல வேண்டும். எழுத்துகளைத் தடித்த துணியில் வெட்டி வைத்திருப்போம். சட்டையின் முதுகுப்பக்கத்தைப் பலகையில் விரித்து, இரண்டு தோள் தையலுக்கும் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. பெயரின் முதல் எழுத்தை முதலில் வைக்கவே கூடாது. நடு எழுத்தை அந்தக் கோட்டின்மேல் வைத்துவிட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும். இடைவெளிக்கு ஸ்கேல் வைக்க மாட்டோம். ஒல்லியான எழுத்துக்கும் அகலமான எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டால் பெயர் பல்விழுந்த வாய்போல் ஆகிவிடும். தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, பெயர் ஒரே மூச்சாகத் தெரியும்வரை நகர்த்த வேண்டும். பிறகு இஸ்திரிச் சூட்டில் லேசாக ஒட்டவைத்து, ஓரம் முழுக்க வளைந்து வளைந்து போகும் நெருக்கமான தையல்.

மற்ற கடைகளில் பெயரைத் தனியாக ஒரு துணிப்பட்டையில் தைத்து, பட்டையைச் சட்டையில் ஒட்டுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். பெயரை மாற்றுவதும் சுலபம். கார்மென் மேடம் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. எழுத்துகள் நேராகச் சட்டையில்தான் ஏற வேண்டும்.

"ஒரு இழுப்புல பேர் போயிடக் கூடாது சாமி. ஒருத்தன் பேரை எடுக்கறதுன்னா உக்காந்து எடுக்கணும்."

அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. டிவியில் பெயரைச் சொல்லும்வரை அந்தப் பெயருக்காக ஊசி துணியில் இறங்கக் கூடாது. பிரித்த பெயரை அதே சட்டையில் திரும்பத் தைக்கக் கூடாது. முதலாவது ராசி பார்த்துச் சொன்னது. இரண்டாவது ஏன் என்று அவர் சொன்னதில்லை. அந்த இரண்டையும் அந்தக் கடையில் யாரும் மீறி நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு பெயருக்காகத் தவிர.

டிராஃப்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டம், பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக எடுக்கும். நம் ஊர் இன்ஜினீயரிங் கவுன்சலிங் மாதிரிதான். ஆனால் தலைகீழ். அங்கே முதல் மார்க்குக்காரனை முதலில் கூப்பிடுவார்கள். இங்கே போன வருடம் எல்லாரிடமும் தோற்ற அணியைக் கூப்பிட்டு, முதலில் நீ எடுத்துக்கொள் என்பார்கள். ஃபெயிலானவனுக்கு முதல் சீட்டு. இந்த நாட்டில் எனக்குப் புரியாதது எவ்வளவோ இருக்கிறது. இது மட்டும் சொன்னவுடன் புரிந்தது.

நம் அணிக்கு முன்வரிசையில் இடம் கிடைக்காத வருடம் குறைவு. அந்தச் சாயங்காலங்களில் கடை வாசலில் ஆட்கள் வெறும் சட்டையோடு வரிசையில் நிற்பார்கள். சுவரில் டிவி. இஸ்திரிப் பெட்டி சூடாகக் காத்திருக்கும். கடையில் வேலை செய்கிற எல்லாரும் அவரவர் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது வழக்கம். ஒரு வருடம் எல்லாரும் பந்தை எறிகிற முக்கிய ஆளுக்காகக் காத்திருக்க, அணி பந்தை உதைக்கிற ஒருவரை எடுத்தது. மேடம் அளவு நாடாவை முழுதாகக் கையில் சுற்றி முடித்து, "சரி, ஆறு எழுத்து. வெட்டு" என்றார். அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வெறும் சட்டையோடே வீட்டுக்குப் போனார்கள்.

பதினோரு எழுத்துக்காரரை எடுத்தபோது நிலாவுக்கு ஒன்பது வயது. அவர் பந்தை எறிகிறவர். எல்லா அணிகளுக்கும் முன்னால், முதல் ஆளாக நாங்கள் எடுத்தோம். டிவியில் அறிவித்தவர் அந்த நீளமான பெயரில் தடுக்கி, நிறுத்தி, திரும்ப ஆரம்பித்தார். கடையில் என் மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்த நிலா எழுந்து நின்றாள்.

"அப்பா! சப்ஸ்டிட்யூட் டீச்சர் என் பேரை இப்படித்தான் சொல்வாங்க!"

தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அன்றும் அதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் புதிதாக வருகிற ஒவ்வொரு டீச்சரும் சின்னசாமியில் தடுக்கி விழ, மற்ற பிள்ளைகள் சிரிப்பார்களாம். அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. இப்போது தன்னைப் போலவே ஒருவர், அத்தனை பெரிய மேடையில், பெயர் தடுக்கியதற்குச் சிரித்துக்கொண்டே கையாட்டுகிறார். அன்றிலிருந்து அவர் அவளுடைய ஆள். அந்த வருடம் தந்தையர் தினத்துக்கு மலரும் அவளும் சேர்ந்து எனக்கு அவர் சட்டையை வாங்கித் தந்தார்கள். பெயரை நானே தைத்தேன். நடு எழுத்தை வைக்கும்போது நிலா சாக்பீஸ் பிடித்திருந்தாள்.

அந்த வருடம் முழுக்கப் பதினோரு எழுத்துதான். தூக்கத்திலும் கை அந்த வளைவுகளில் போய்க்கொண்டிருக்கும். சில நாள் காலையில் எழுந்ததும், நான் எந்த எழுத்தில் நின்றேன் என்று யோசித்தபடி படுத்திருப்பேன்.

பிறகு நடந்தது எல்லா ரசிகர்களுக்கும் தெரிந்த கதைதான். நல்ல ஆட்டம் கொஞ்சம் ஆடினார். முழங்கால் போனது. திரும்பி வந்தவர் எறிந்த பந்து எதிராளிகள் கையிலேயே போய் விழுந்தது. ஒருநாள் அணி அவரை விட்டுவிட்டது. அடுத்த வாரமே ஆட்கள் சட்டைகளோடு வந்தார்கள். பெயரை எடுத்துவிட்டு, புதிதாக வந்த மூன்றெழுத்துக்காரர் பெயரைப் போட்டுத் தர வேண்டும்.

பிரிப்பது தைப்பதைவிட மெதுவான வேலை. சட்டையைப் புரட்டி, உள்பக்கத்து நூலை அங்கங்கே அறுத்து, பிறகு மேலிருந்து இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும். நாள் முழுக்கப் பிரித்தோம். என் மடியில் பெயரின் எழுத்துகள் குவிந்து கிடக்கும். மேடம் வாய் ஓயாமல் அந்தப் பெயரைத் திட்டிக்கொண்டே பிரித்தார். எல்லாருக்கும் முன்னால், தன்னுடைய சட்டையைத்தான் முதலில் பிரித்து மூன்றெழுத்தைத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மலரும் சொன்னாள். "ஏனுங்க, அந்தப் பேரைப் போட்டுக்கிட்டுக் கோயில் பாட்லக் விருந்துக்கு வந்தீங்கன்னா எல்லாருங் கேலி பண்றாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானும் என் சட்டையைப் பிரித்தேன். ஆனால் வேறு பெயர் தைக்கவில்லை. எழுத்துகளை ஒரு உறையில் போட்டு, சட்டையோடு மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

நிலா கல்லூரிக்கு ஆஸ்டின் போனாள். அணி சட்டையின் மாடலையே மாற்றியது. மூன்றெழுத்துக்காரர் நன்றாக ஆடினார். பதினோரு எழுத்தை எல்லாரும் மறந்தார்கள்.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம், மார்ச் மாதம், மதியம். டிராஃப்டுக்கு முன்னால் கடை தூங்கிக்கொண்டிருக்கும் காலம். கதவு மணி அடித்தது. ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். குனியாவிட்டால் தலை இடிக்கும். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார்.

"ஒரு ஜெர்சி வேணும். பழைய மாடல்" என்றார் மெதுவாக.

"பெயர்?"

அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். வேறு யாருடைய பெயரையோ சொல்வதுபோல, கண்ணாடி மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்றாவது எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. நானும் மேஜையையே பார்த்தேன். எட்டாவது எழுத்தில் அவர் கொஞ்சம் நின்றார். மிச்ச மூன்று எழுத்தும் என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டன.

"தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அதற்குள் உள்ளேயிருந்து மேடத்தின் குரல். "சாமி! யாரு அங்கே அந்தப் பேரைக் கேக்கறது? அதைப் பிரிச்சுப் பிரிச்சு என் கட்டைவிரலே போச்சு! நம்ம ஆளைத் தவிர எல்லாருக்கும் பந்து போட்ட மகராசன்!"

நான் இருமினேன்.

"அவனுக்குப் பந்துக்குப் பதிலா சோப்பைக் கொடுத்திருந்தாக்கூட இதைவிட நல்லாப் பிடிச்சிருப்பான்!"

இன்னும் பலமாக இருமினேன்.

"மருந்து குடி சாமி, கடையில தொத்த வைக்காதே" என்றபடியே திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு மேடம் வந்தார். நின்றார். வந்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"பேப்பர்ல இதைவிட மோசமா எழுதினாங்க மேடம். சோப்பு மட்டும் யாரும் சொல்லலை" என்றார்.

மேடத்தின் கை அளவு நாடாவைத் தேடியது. கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாது. வந்தவரைக் கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். "டிவியில இவ்வளவு உயரம் தெரியலை" என்றார். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "உக்காரு. அந்த ஸ்டூல் உன்னைத் தாங்காது." அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சட்டை அவருடைய அப்பாவுக்கு. அப்பாவுக்கு மறதி நோய். ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்.

"டீம் என்னை விட்ட அன்னிக்கு, என் பேர் போட்டது எல்லாத்தையும் டொனேஷன் பெட்டியில போட்டுட்டேன். அப்பா அலமாரியில இருந்ததையும் சேர்த்து. அப்ப அவர் ஒண்ணும் சொல்லலை. இப்ப எல்லாம் மறந்துடுச்சு, இது மட்டும் மறக்கலை. காலையில எழுந்ததும் அலமாரியைத் திறந்து தேட ஆரம்பிக்கறார். மேட்ச்சுக்கு நேரமாச்சு, சட்டையைக் காணோம்னு. சாயங்காலம் வரைக்கும் தேடறார். அப்புறம் அழறார். தினமும்."

புது மாடல் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தாராம். இது அவனுது இல்லை என்று அப்பா தள்ளிவிட்டாராம்.

"அந்த மாடல் இப்ப எங்கேயும் இல்லை. எங்ககிட்ட இருந்ததெல்லாம் பிரிச்சு வேற பேர் போட்டாச்சு" என்றார் மேடம். அவர் குரலில் திட்டு இல்லை. "சைஸ் என்ன?"

"முன்னே என்னை மாதிரிதான் இருப்பார். இப்ப…" அவர் பார்வை கடையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. "இவர் அளவு."

"நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

அவர் போனதும் மேடம் கேட்டார். "நாளைக்கு எங்கேருந்து வரும்?"

"வீட்ல என்னோடது இருக்கு மேடம். பிரிச்சு வெச்சிருக்கேன்."

"பிரிச்சதா" என்றார். உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையை எடுத்தேன். வெறும் சட்டை. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மாலை வெயில் பின்னாலிருந்து வந்தது. ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி ஒளி. பெயர் முழுதாக இருந்தது. நான் எடுத்தது துணியை மட்டும்தான் போலிருக்கிறது. கை வலிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது எனக்குத் தந்த சட்டைதான் என்றாலும் நிலாவைக் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை. போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

"அவர் கடைக்கு வந்தாரா? அப்பா! செல்ஃபி எடுத்தீங்களா?"

"இல்லம்மா. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"ஓ மை காட், அப்பா."

பிறகு, எப்போதாவது மட்டும் வரும் அவள் தமிழில் சொன்னாள். "குடுத்துடுங்கப்பா. தாத்தா தேடறாரு இல்ல."

மறுநாள் காலை என் மேஜையில் சட்டையை விரித்து, உறையிலிருந்து எழுத்துகளை எடுத்து வைத்தேன். மேடம் வந்து பக்கத்தில் நின்றார். பிரித்த பெயரைத் திரும்பத் தைக்கக் கூடாது. அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அளவு நாடாவை முழுதாகச் சுற்றி முடித்தார்.

"எனக்குக் காபி குடிக்கணும் போல இருக்கு" என்றார்.

வேலை நேரத்தில் அவர் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, டோனட் கடைப் பக்கம் போகாமல், பார்க்கிங்கில் நிறுத்தியிருந்த தன் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். கடை ஜன்னலிலிருந்து அவர் தலை தெரிந்தது. வேறு பக்கம் பார்த்தபடி இருந்தார்.

நடு எழுத்தை வைத்தேன். சாக்பீஸ் தேவைப்படவில்லை. ஓரத்துப் புள்ளிகளில் எழுத்து தானாக உட்கார்ந்தது. மெஷினை மிக மெதுவாக ஓட்டினேன். ஊசி பழைய துளை ஒவ்வொன்றிலும் இறங்கியது. புதிதாக ஒரு துளைகூட விழவில்லை. அந்தக் காலையை இப்போது நினைத்தால் சத்தமே இல்லாமல்தான் நினைவுக்கு வருகிறது. வெளியே ஏதோ மரத்திலிருந்து வெள்ளைப் பூக்கள் காற்றில் மேடத்தின் கார்மேல் விழுந்துகொண்டிருந்தன.

முடித்ததும் சட்டையை ஹேங்கரில் மாட்டினேன். மேடம் திரும்பி வந்து அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பதினோரு எழுத்துக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். இவ்வளவோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் டிராஃப்ட் முதல் நாள் சாயங்காலம். முன்வாசலில் நீண்ட வரிசை. மேடம் அவருடைய மூன்றெழுத்துச் சட்டையில் இருந்தார், பழைய மாடல்தான். இஸ்திரி சூடேறிக்கொண்டிருந்தது. பின்கதவில் யாரோ தட்டினார்கள். திறந்தால் அவர், தொப்பியோடு.

"இன்னொண்ணு கிடைக்குமா? சட்டையைக் கழட்டவே மாட்டேங்கறார். துவைக்க முடியலை. நர்ஸுங்க என்னைத் திட்டறாங்க" என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

"தேடறாரா இன்னும்?" என்று கேட்டார் மேடம்.

"இல்லை. அலமாரிப் பக்கமே போறதில்லை. நேத்து நான் ஆடின பழைய மேட்ச் ஒண்ணைப் போட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தேன். நான் ஓடி வர்ற இடத்துல அப்பா என் தொடையைத் தட்டினார். 'பாருங்க, அது என் பையன்'னு என்கிட்டயே சொன்னார்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "'நல்லா ஆடறானே'ன்னேன்."

முன்னாலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். டிவியில் நம் அணியின் முறை வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மேடம் விடுவிடுவென்று கழிவறைக்குள் போனார். வெறும் வெள்ளை டீ-ஷர்ட்டோடு வெளியே வந்து, தன் சட்டையை என்னிடம் நீட்டினார்.

"பிரி."

"மேடம், இது உங்க…"

"அடியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பிரி."

"அவருக்குப் பெரிசா இருக்குமே மேடம்."

"துவைக்கற நாளுக்கு எதுவும் சரியா இருக்கும்."

மூன்றெழுத்தைப் பிரித்தேன். மூன்றுதான், சீக்கிரம் முடிந்தது. அடியில் பதினோரு எழுத்தின் புள்ளிகளும் இருந்தன. வெட்டு மேஜையில் புது எழுத்துகள் வெட்டக் கூர்தீட்டி வைத்திருந்த கத்தியால் பழைய பெயரின் எழுத்துகளை வெட்டி எடுத்தேன். மேடம் என்னை நகரச் சொல்லி, தானே மெஷினில் உட்கார்ந்தார். பின்கதவில் சாய்ந்து நின்றிருந்தவர் சட்டையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் டிவியில் பெயரைச் சொன்னார்கள். வரிசை முழுக்க ஓ என்று கத்தியது. மேடம் தலை நிமிரவில்லை. ஊசி ஏழாவது எழுத்தில் இருந்தது.

வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் திரைச்சீலை வழியாக எட்டிப் பார்த்தார். "மேடம், கேட்டீங்களா? யாரை எடுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"நாங்க எங்க ஆளை எடுத்தாச்சு. நீ போய் வரிசையில நில்லு" என்றார் கார்மென் மேடம்.

பாலு வீட்டுப் பையனுக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். பெஸ்ட் பிக் யார் என்றால் எனக்கு வேறு பதில் இல்லை. அவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

சென்ற வாரம் மலரை டியூட்டியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஃப்ரீவே ஓரத்துச் சாலையில் வந்தேன். அந்த முதியோர் இல்லத்துத் தோட்டத்தில் ஒருவர் சாலைக்கு முதுகு காட்டி, சாய்மானம் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோள் சரிந்த ஒல்லி உடம்பில் சட்டை தொளதொளவென்று தொங்கியது. அது துவைக்கிற நாளாக இருக்க வேண்டும். மழைக்கு முந்தைய அந்த மஞ்சள் வெயில் அவர்மேல் விழுந்திருந்தது. நிறுத்தி இறங்கிப் போய்ப் பேசலாமா என்று நினைத்தேன். என்னால் அது முடியாது. வண்டியை மட்டும் மெதுவாக்கினேன். முதுகிலிருந்த பெயரை வழக்கம்போல் நடு எழுத்திலிருந்து இரண்டு பக்கமும் பார்த்தேன்.

நேராக இருந்தது.